பார்க் சைட்டுக்கு ஒரு மனு

கொஞ்சம் தள்ளிக்கிடுங்க அண்ணாச்சி, நானும் உக்காந்துக்கிடுறேன். காலு கெஞ்சுது. அஞ்சரை மணி பஸ்ஸப் பிடிச்சு வந்தவன், இந்தக் கலெக்டர் ஆபீஸ் கேட்டுல வேற அரை மணி நேரம் நிப்பாட்டிட்டாக. தண்ணி பாட்டில வாங்கி மோந்து பாத்துட்டுத்தான் உள்ள விட்டாக. போன வாரம் எவனோ தீக்குளிக்க மண்ணெண்ணெய கொண்டாந்துட்டானாம். நான் சொன்னேன், "ஏம்மா, நான் அரசங்குளம் நகராட்சி, பதினாலாவது வார்டு கவுன்சிலரு"ன்னு. அந்தப் போலீஸ்காரப் புள்ள, "இருக்கட்டும் சார், மூடியத் தொறங்க"ங்குது.

உங்களுக்கு என்ன, பட்டா மாறுதலா? எத்தன வருசமா? ஒம்போதா. அப்ப பொறுமைசாலிதான் நீங்க. டோக்கன் எத்தன? இருநூத்தி முப்பதா. எனக்கு இருநூத்திப் பதினொண்ணு. இப்ப நூத்தித் தொண்ணூறுதான் ஓடுது. கேளுங்க அண்ணாச்சி, இத யார்ட்டயாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும்.

கவுன்சிலருன்னு சொன்னேன்ல. சரியாச் சொல்லப்போனா கவுன்சிலரு என் வீட்டுக்காரி. தெய்வானைன்னு பேரு. எங்க வார்டப் பெண்கள் வார்டா மாத்திப்புட்டாக, அதனால அவள நிப்பாட்டுனேன். நின்னது அவ, வீடு வீடாப் போயி ஓட்டுக் கேட்டது நானு. ஊருக்குள்ள என்னையத்தான் கவுன்சிலருன்னு கூப்பிடுவாக. அவளக் கவுன்சிலரம்மாம்பாக. ரெண்டும் ஒண்ணுதான, புருசன் பொண்டாட்டிக்குள்ள என்ன இருக்கு. லெட்டர்பேடு என்கிட்ட, சீலு என்கிட்ட. கையெழுத்தும் நான்தான் போடுறது. அவ போட்டா கோணலா வரும்.

ஒரு நிமிசம், போன் அடிச்சுப் பாத்துக்கிடுறேன்.

எடுக்க மாட்டேங்குறா. காலையில இருந்து இது பதினேழாவது தடவ.

எங்க ஊரு எப்படிப்பட்ட ஊருன்னா, ரெண்டு மில்லு இருந்துச்சு, ரெண்டும் மூடியாச்சு. ஒரு சினிமாக் கொட்டகை இருந்துச்சு, அத இடிச்சுக் கல்யாண மண்டபம் கட்டிட்டாக. நாப்பதாயிரம் சனம் இருக்கு, சாயங்காலம் காலு நீட்டி உக்கார ஒரு பொது எடம் கெடையாது. ஞாயித்துக்கெழமை பொழுது போகலைன்னா எங்க ஆளுக என்ன செய்வாக தெரியுமா? ஏ.டி.எம் ரூமுக்குள்ள போயி நிப்பாக. பணம் எடுக்க இல்ல, சும்மா, ஏசிக்கு. பேங்க் வாட்ச்மேன் வந்து பத்தி விடுவாரு. சிரிக்காதீக அண்ணாச்சி, நானே நின்னுருக்கேன்.

எங்க வார்டுல தொண்ணூத்தி ரெண்டு சென்ட்டு எடம் ஒண்ணு கெடக்கு. அந்தக் காலத்துல பிளாட் போட்டு வித்தவுக பூங்காவுக்குன்னு நகராட்சிக்கு எழுதிக் குடுத்தது. பார்க் சைட்டுன்னுதான் பேரு. பார்க்கு வரவே இல்ல. கருவேல முள்ளும் ஒடஞ்ச ஓடுமா கெடந்துச்சு. நான் வந்தப்புறம்தான் முள்ள வெட்டி, சுத்திக் கம்பி வேலி போட வச்சேன். அங்க ஒரு வாலிபால் கிரவுண்டு, ரெண்டு பக்கமும் கேலரி, வாசல்ல ஒரு ஆர்ச்சு. இதுதான் என் கனவு. நான் அந்தக் காலத்துல மாவட்ட டீம்ல ஆடுனவன். இப்ப தொப்பை வந்துருச்சு, அது வேற விசயம். மூணு வருசமா இதுக்காக நான் ஏறாத படி இல்ல. மனு, போஸ்டரு, உண்ணாவிரதம் எல்லாம் பாத்தாச்சு. உண்ணாவிரதம் அரை நாளுதான், ஆனா பேப்பர்ல வந்துச்சு.

தெய்வானைக்கு வேற ஒரு ஆச. சுத்தி ஒரு நடைபாதை, நாலு லைட்டு, ரெண்டு பெஞ்சு. அது போதும்னு சொல்லுவா. "வார்டுல பாதிப் பொம்பளைகளுக்கு சுகரு. டாக்டரு நடங்கங்குறாரு, நடக்க எடம் எங்க இருக்கு"ம்பா. அவளுக்கும் சுகருதான். வெள்ளன எந்திரிச்சு ஏழெட்டுப் பேரு சேந்து பைபாஸ் ரோட்டு ஓரமா நடப்பாக. முதல் கூட்டத்துலயே இதப் பேசவான்னு கேட்டா. நான்தான் வேணாம்னேன். "சொந்தமா எதையும் பேசிராத. ஒரு வார்த்த பிசகுனா மினிட்டு நோட்டுல ஏறிரும், அப்புறம் அழிக்க முடியாது"ன்னு சொல்லி வச்சேன். நல்லதுக்குத்தான சொன்னேன்.

போன ஆடியில சண்முகத்தாய் அடிபட்டுருச்சு. தையக்காரப் பொம்பள, தெய்வானைக்கு ரொம்பச் சிநேகம். பைபாஸ்ல நடந்துக்கிட்டிருக்கும்போதே ஒரு டிப்பர் லாரி இடிச்சு இடுப்பெலும்பு போச்சு. இன்னைக்கு வரைக்கும் படுக்கதான். ரெண்டு எட்டு பின்னால வந்தது என் வீட்டுக்காரி. இவளுக்கு ஒண்ணும் இல்ல, முழங்கையில சிராய்ப்பு, அம்புட்டுத்தான். நான் மறுநாளே போஸ்டர் அடிச்சுட்டேன். "நடக்க எடமின்றி நசுங்கும் மக்கள், நகராட்சியே தூங்குகிறாயா"ன்னு. என் படம் பெருசா, தெய்வானை படம் ஓரமா. ஊரே அசந்துபோச்சு. அவ மட்டும் அதப் பாத்துட்டு உள்ள போயிட்டா. மறுநாளு திரும்பவும் அதே பைபாஸுக்கு நடக்கப் போனா. வேற எங்க போவா.

அந்தப் போஸ்டருக்கப்புறம் எனக்கு ஆதரவு கூடிருச்சு. இருபத்திநாலு கவுன்சிலருல பதிமூணு பேரச் சரிக்கட்டிட்டேன். சேர்மனுக்கு அந்த எடத்துல குப்பை செட்டு போடணும்னு எண்ணம். ஊர்க் குப்பைய எல்லாம் அங்க கொண்டாந்து கொட்டி, தரம் பிரிச்சு, உரமாக்குறதாம். வீடுகளுக்கு நடுவுல. நகராட்சிக் கூட்டத்துல பேச எடுக்குற முப்பதாவது பொருளு எங்க பூங்கா, தெய்வானை பேருல. முப்பத்தி ஒண்ணு அவுக குப்பை செட்டு. முப்பது பாஸ் ஆனா முப்பத்தி ஒண்ணு தானா செத்துரும். பதிமூணு கை தூக்குனாப் போதும்.

இப்ப ஒரு விசயம் சொல்லணும், வெளிய சொல்லிராதீக. பழைய கமிசனரு இருந்தப்ப நான் மன்றத்துக்குள்ளயே அவளுக்குப் பின்னால சேரு போட்டு உக்காந்திருப்பேன். புதுசா வந்தவரு, "உறுப்பினரைத் தவிர யாரும் உள்ள வரப்படாது"ன்னு எழுதி ஒட்டிட்டாரு. எங்கள மாதிரி வீட்டுக்காரவுக ஏழு பேரு இருக்கோம் அண்ணாச்சி, ஏழு பேரையும் வராண்டாவுக்குத் தள்ளிட்டாரு. சன்னல் வழியா அவுக தெரிவாக, பேச்சு அரையுங் கொறையுமாக் கேக்கும். அதனால ஆளுக்கு ஒரு சாடை வச்சுக்கிட்டோம். ஒருத்தர் இருமுவாரு. ஒருத்தர் கண்ணாடியக் கழட்டி மாட்டுவாரு. எனக்குத் துண்டு. வலது தோள்ல கெடந்தா பேசாம இரு. இடது தோளுக்கு மாத்துனா கையத் தூக்கு. தோள விட்டு எடுத்துட்டா வெளிநடப்பு.

நல்லாத்தான் நடந்துக்கிட்டிருந்துச்சு. அவ அம்புட்டுக் கவனமாப் பாப்பா. மூணு வருசத்துல ஒரு தடவகூடத் தப்புப் பண்ணதில்ல. சேர்மனே ஒரு தடவ, "பதினாலாவது வார்டு அம்மா சன்னலப் பாத்துத்தான் ஜனநாயகம் நடத்துது"ன்னு கேலி பண்ணாரு. நான் அதப் பெருமையாத்தான் எடுத்துக்கிட்டேன்.

அன்னைக்கு வெள்ளிக்கெழம. நல்ல வெயிலு. இருபத்தெட்டாவது பொருளு ஓடும்போது கரண்டு போயிருச்சு. உள்ள இன்வெர்ட்டரு இருக்கு, வராண்டாவுல எங்களுக்கு என்ன இருக்கு? வேர்த்து ஊத்துது. கண்ணுக்குள்ள எல்லாம் வேர்வ எறங்கி எரியுது. முப்பதாவது பொருளுன்னு வாசிக்கிறது காதுல விழுது. மூணு வருசக் கனவு அண்ணாச்சி. நான் என்னையறியாம துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சுட்டேன்.

தொடச்சுட்டு நிமிந்து பாக்குறேன், தெய்வானை பைல மூடுறா. எந்திரிச்சு நிக்கிறா. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே, ஒரு எழுத்துப் பிசகாம, "மன்றத்தின் இந்தப் போக்கைக் கண்டித்து நான் வெளிநடப்பு செய்கிறேன்"னு சொல்லிட்டு வாசலப் பாத்து நடக்குறா.

நான் சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு, "உக்காரு, உக்காரு"ன்னு கத்துறேன். துண்டத் தூக்கி வலது தோள்ல போடுறேன், இடது தோள்ல போடுறேன். கமிசனரு, "யாருப்பா அது வராண்டாவுல"ங்குறாரு. அவ திரும்பிக்கூடப் பாக்கல. இதுல கொடும என்னன்னா, அவ எந்திரிச்சதப் பாத்து நம்ம ஆளுகள்ல அஞ்சு பேரு சேந்து எந்திரிச்சுட்டாக. எதுக்குன்னு அவுகளுக்கும் தெரியல. அக்கா போறாக, ஏதோ விசயம் இருக்கும்னு வந்துட்டாக.

உள்ள சேர்மனு சிரிச்சுக்கிட்டே, "பொருளக் கொண்டுவந்த உறுப்பினரே கண்டிச்சு வெளிய போயிட்டதால இந்தப் பொருள் கைவிடப்படுது. அடுத்தது முப்பத்தி ஒண்ணு"ங்குறாரு. எல்லாரும் மேசையத் தட்டி ஆல் பாஸ்னுட்டாக. ஒரு நிமிசம்கூட ஆகல. மினிட்டுல ஏகமனதாக நிறைவேறியதுன்னு எழுதியாச்சு.

வெளிய பத்திரிகைக்காரத் தம்பி ஒருத்தன் தெய்வானைகிட்ட, "எதுக்கும்மா வெளிநடப்பு?"ன்னு கேட்டான். அவ என்ன சொன்னா தெரியுமா? "தெரியலப்பா, எங்க வீட்டுக்காரரக் கேளு"ன்னுட்டா. அத அப்படியே போட்டுட்டான். அன்னைக்கு ஏ.டி.எம்ல நின்னவன்கூட என்னையப் பாத்துச் சிரிச்சான்.

வீட்டுக்குப் போயி கத்துனேன். கத்தாம? "ஏண்டி, மூளை இருக்கா உனக்கு? முப்பதாவது பொருளு நம்ம பொருளு. நான் மூஞ்சியத் தொடைக்கிறது தெரியலயா?"ன்னேன். அவ உலையில அரிசியப் போட்டுக்கிட்டே சொல்றா, "என்னைக்கு நான் யோசிச்சு எந்திரிச்சிருக்கேன்? நீங்க எடுத்தீக, எந்திரிச்சேன்." அம்புட்டுத்தான். அன்னையில இருந்து என்கூடப் பேச்சு இல்ல. சோறு போடுவா, பேச மாட்டா. தப்பப் பண்ணது அவ, கோவமும் அவளுக்கு.

நானும் எத்தனையோ யோசிச்சுப் பாத்தேன். எட்டுப் பேரு கையெழுத்துப் போட்டா தீர்மானத்தத் திரும்பப் பேசலாம்னு ஒரு வழி இருக்காம். போயிக் கேட்டா, "உங்க வீட்டம்மாவே எந்திரிச்சுப் போனாக, எங்களுக்கு என்ன"ங்குறாக. வெளிய வந்த அஞ்சு பேரும், "அண்ணே, இனிமே உங்க துண்ட நம்பி நாங்க வர மாட்டோம்"னுட்டாக. வக்கீலப் பாத்தேன். அவரு மினிட்டக் கொண்டான்னு வாங்கிப் பாத்துட்டு, "ஏகமனதுன்னு இருக்கேய்யா, இத வச்சு நான் எங்க போயி நிக்கிறது"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. கடைசியில பாத்தா, இன்னைக்குத் திங்கக்கெழம, ஜே.சி.பி வருது. அஸ்திவாரம் தோண்டுறாக. அதுக்கு முன்னாடியே ரெண்டு லாரி குப்பைய கொண்டாந்து தட்டச் சொல்லியிருக்காரு சேர்மன். குப்பை விழுந்துட்டா அப்புறம் யாரும் அந்த எடத்தப் பூங்கான்னு சொல்ல மாட்டாகள்ல, அதுக்கு.

அதான் கலெக்டர்கிட்ட வந்துட்டேன். இதுதான் கடைசி வாசல். நேத்து ராத்திரி மனு எழுதி அவகிட்ட வச்சேன். எதுக்கு வச்சேன்னு எனக்கே தெரியல, எப்பவும் நானே போட்டுக்கிடுறதுதான். அவ வாங்கி முழுசாப் படிச்சா. "வாலிபால் மைதானம், பார்வையாளர் மாடம், நுழைவு வளைவு" எல்லாத்தையும் படிச்சா. பேனாவ எடுத்தா. மூடி வச்சுட்டா. மேசையில வச்சுட்டுப் படுக்கப் போயிட்டா. நடைபாதையச் சேக்க மறந்துட்டேன் அண்ணாச்சி. வேணும்னு இல்ல, நெசமாவே மறந்துட்டேன். அப்புறம் கையெழுத்த நானே போட்டேன்.

இங்க வந்து பதிஞ்சா, கவுண்டர்ல இருக்கிற அம்மா, "கவுன்சிலர் மனுன்னா கவுன்சிலரு நேர்ல வரணும். டோக்கன் கூப்பிடுறதுக்குள்ள வரச் சொல்லுங்க"ங்குது. நான்தாம்மா எல்லாம்னேன். "தெய்வானைன்னு போட்டிருக்கே சார்"ங்குது. அதான் இந்தப் போனு. எடுத்தாத்தான. பத்து மணி பஸ்ஸுக்கு ஏறியிருந்தாக்கூட வந்து சேந்திருப்பா.

இருங்க, போனு அடிக்குது. அவ இல்ல, டீக்கடை குருசாமி. பார்க் சைட்டுக்கு எதுத்தாப்ல கடை வச்சிருக்கவன்.

சொல்லு குருசாமி. என்னது? சத்தமாச் சொல்லு. யாரு? எத்தன பேரு? ... லாரி? ... சரி, போலீஸு எப்ப வந்துச்சு? ... அவகிட்டப் போனக் குடு. நான் சொல்றேன்னு குடு.

இருங்க அண்ணாச்சி. நடந்துக்கிட்டிருக்காளாம்.

பார்க் சைட்டுல நடந்துக்கிட்டிருக்காளாம். காலையில பைபாஸுக்குப் போகல. நேரா அங்க போயி, வேலிக் கதவத் தொறந்து, சுத்திச் சுத்தி நடக்குறாகளாம். ஆறு மணிக்கு ஏழு பேரா ஆரம்பிச்சது, இப்ப நாப்பதுக்கு மேல இருக்கும்ங்குறான். சண்முகத்தாயக்கூட சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிக்கிட்டுச் சுத்துறாகளாம். மணியப் பாருங்க, பதினொண்ணு ஆகப்போகுது. இந்த வெயில்ல. ரெண்டு லாரியும் ரோட்டுல நிக்குது. உள்ள விட்டா யார் மேலயாவது ஏத்தணும், டிரைவரு எறங்கி டீ குடிச்சுக்கிட்டிருக்கானாம். கோசம் இல்ல, கொடி இல்ல, சும்மா நடக்குறாக. இன்ஸ்பெக்டரு வந்து, "என்னம்மா போராட்டமா? அனுமதி வாங்குனீகளா?"ன்னு கேட்டதுக்கு, "நடக்க அனுமதி வாங்கணுமா சார், டாக்டரு நடக்கச் சொன்னாரு"ன்னாளாம்.

யாரு சொல்லிக் குடுத்தா இவளுக்கு? நான் இங்க இருக்கேன். அங்க யாரு இருக்கா இவளுக்குச் சொல்ல?

குருசாமி, இருக்கியா? குடு அவகிட்ட.

தெய்வானை. ஏ தெய்வானை, நான்தான். என்ன பண்ணிக்கிட்டிருக்க நீ? போலீஸ் நிக்குதாமே. கேஸ் ஆயிரும்டி. பதவி போயிரும். நீ பஸ் ஏறு, இங்க கலெக்டர் ஆபீஸ்ல... என்ன? ... சாப்பிட்டியா? ... காலையில மாத்திரை போட்டியா இல்லையா, அதச் சொல்லு.

வச்சுட்டா.

"நடந்துக்கிட்டிருக்கேன், மூச்சு வாங்குது, அப்புறம் பேசுறேன்"னு வச்சுட்டா. பத்து நாளைக்கு அப்புறம் என்கிட்டப் பேசுன பேச்சு இது.

அவ வெறும் வயித்துல நடக்குறா அண்ணாச்சி. சாப்பிட்டியான்னு கேட்டதுக்குப் பதிலே இல்லைன்னா சாப்பிடலைன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா. வெறும் வயித்துல மாத்திரையப் போட்டுட்டு நடந்தா அவளுக்குக் கண்ணு இருட்டும். ரெண்டு தடவ விழுந்திருக்கா. அங்க யாருக்குத் தெரியும் இது? குருசாமிக்கும் தெரியாது. கீழ விழுந்தா, மயங்குன மாதிரி நடிக்கிறான்னுதான் இன்ஸ்பெக்டரு எழுதுவாரு. அவரு எழுத ஆரம்பிச்சுட்டாருங்குறான் குருசாமி. நோட்டுல ஒவ்வொருத்தர் பேரா. முதப் பேரு தெய்வானை, கவுன்சிலரு.

பயமா இருக்கு, சொல்றதுக்கு என்ன வெக்கம். அந்த எடம் போயிருமோன்னு மூணு வருசமாப் பயந்தேன். அது ஒரு மாதிரிப் பயம். இது வேற. சண்முகத்தாய் விழுந்த அன்னைக்கு நான் போஸ்டரு வாசகம் எழுதிக்கிட்டிருந்தேன். இவ ராத்திரி பூராவும் கண்ணு மூடாம உக்காந்திருந்தா. ரெண்டு எட்டுத்தான் அண்ணாச்சி. ரெண்டு எட்டு வெரசா நடந்திருந்தா அது இவதான். நான் அன்னைக்கு அவகிட்ட ஒரு வார்த்த கேக்கல.

எத்தன ஓடுது? இருநூத்தி ஏழா? இன்னும் நாலுதான். நாலு பேருக்கு மிஞ்சிப்போனா கால் மணி நேரம். உள்ள போயி நின்னேன்னா கலெக்டரு ஒரு போனப் போட்டு ஜே.சி.பிய நிப்பாட்டலாம். நிப்பாட்டாமயும் போகலாம். மனுவத் தூக்கி நகராட்சிக்கே அனுப்புனாலும் அனுப்புவாக, உங்க பட்டா மாதிரி. பஸ்ஸு பதினொண்ணு அஞ்சுக்கு. அத விட்டா ஒண்ணரைக்குத்தான்.

நான் கெளம்புறேன் அண்ணாச்சி.

இந்தாங்க, மனுவ நீங்க வச்சுக்கங்க. உங்க டோக்கன் வரும்போது உள்ள முடிஞ்சா குடுங்க. வேணாம், குடுக்காதீக. இதுல நடைபாதையே இல்ல. எழுத்தும் அவ எழுத்து இல்ல. கிழிச்சுப் போட்டுருங்க.

அங்க போயி என்ன செய்யப் போறேன்னா கேக்குறீக? எனக்கும் தெரியல. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு இட்லி கட்டி வாங்கிட்டுப் போகணும். அவளத் திங்க வச்சுட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வரிசையில கடைசி ஆளா நடக்கணும். அவ வேணாம்னு சொல்லாம இருக்கணும். இன்ஸ்பெக்டரு இன்னும் நோட்ட மூடலைன்னா என் பேரையும் எழுதிக்கிடச் சொல்லணும். யாருன்னு கேட்டா, கவுன்சிலரோட வீட்டுக்காரருன்னு சொல்லிக்கிடுறேன்.